மழையில் உட்கார்ந்திருந்தவர்

மதுரையைச் சுற்றியுள்ள சமணர் குகைகளைப் பார்க்க முதுகுப் பையோடு தனியாகக் கிளம்பியிருந்தேன். திருமங்கலம் பக்கத்துக் குன்று ஒன்றில், அந்தக் காலத்துத் துறவிகளின் கல்படுக்கைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. அப்போது ஹெல்மெட் போட்ட ஒருவர் குகையை நோக்கி ஓடி வந்தார். என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

வெளியேற அந்த ஒரு வழிதான். பாறைச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"பயப்படாதீங்கம்மா, நான் இங்கனயே இருந்துக்கிறேன்" என்றவர், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே ஒரு பாறையில் உட்கார்ந்தார்.

எதிர்க்குன்றின் மேல் மின்னல் வெட்டியது. அவரை உள்ளே கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. நல்லவர் மாதிரி நடிக்கிறாரோ என்ற சந்தேகம்தான். ஒவ்வொரு இடிக்கும் அவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு சுருண்டார். அவருடைய கைப்பேசி அடித்தது.

"குகை வாசல்லதான்டி இருக்கேன். உள்ள ஒரு பொண்ணு தனியா நிக்குது. நான் போனா பயந்துரும்ல? ஆமா, இடிதான்... என்ன செய்ய, பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்கேன்."

"அண்ணே, உள்ள வாங்க!" என்று கத்தினேன்.

வந்தவர் கடைசிக் கல்படுக்கையில் ஒதுங்கி உட்கார்ந்தார். உடம்பெல்லாம் உதறியது. "சின்னப்பிள்ளைல இருந்தே இடின்னா ஆகாதும்மா" என்று கூச்சத்தோடு சிரித்தார்.

இப்போதும் தனியாகத்தான் பயணம் போகிறேன், எச்சரிக்கையாகவும் இருக்கிறேன். ஆனால் அவர் கைப்பேசியில் பேசியதைக் கேட்கும்வரை, அன்று அந்தக் குன்றில் பயந்துகொண்டிருந்தது நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.