அரண்மனை இல்லே

பெங்களூர் பார்க்கப் போகிறேன் என்று தாலுகா ஆபீசில் லீவு எழுதிக் கொடுத்தேன். அது பாதி நிஜம். உண்மையில் திருப்பத்தூரிலிருந்து நான் கிளம்பியது அக்காவை வீட்டுக்குக் கூட்டிவர. அவள் கணவர் காலமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகுட்டி இல்லை. மல்லேஸ்வரத்தில் ஒற்றை அறையில் குடியிருந்துகொண்டு ஒரு கம்பெனியில் டைப் அடித்துக்கொண்டிருந்தாள். தனியாக ஒரு பெண் எப்படி இருப்பாள் என்று அம்மா நாள் தவறாமல் புலம்புவாள். அக்காவின் துணிமணிகளை எடுத்துவர ஒரு காலி டிரங்குப் பெட்டியையும் என் தலையில் கட்டி அனுப்பினாள்.

என் கையிலிருந்து பெட்டியை வாங்கியதுமே அக்காவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "கனமே இல்லையே" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். நான் பேச்சை எடுக்கப் போனதும், முதலில் ஊரைப் பார், மற்றதை ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொள்ளலாம் என்று என் வாயை அடைத்தாள்.

மறுநாள் சனிக்கிழமை. அவளுக்கு அரை நாள் வேலை. காலையில் நான் மட்டும் போய்க் கோட்டைப் பக்கம் இருக்கும் பழைய சுல்தானின் மர அரண்மனையைப் பார்த்துவிட்டு, மத்தியானம் லால்பாக் வாசலுக்கு வந்துவிட வேண்டும் என்று ஏற்பாடு. 'எங்கே' என்பதற்குக் கன்னடத்தில் 'எல்லி', அரண்மனைக்கு 'அரமனே' என்று சொல்லிக் கொடுத்தாள். அங்கே பாதிப் பேருக்குத் தமிழ் தெரியும், தமிழிலேயே கேள் என்றும் சொன்னாள். அது என் காதில் ஏறவில்லை. புதிதாக ரெண்டு வார்த்தை கிடைத்தால் உடனே எடுத்து விடாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

மார்க்கெட்டில் இறங்கி ஒரு கோயிலைத் தாண்டி நடந்தேன். சாமந்தி நிறுத்துக்கொண்டிருந்தவரிடம் "அரமனே எல்லி?" என்று கேட்டேன். தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் "இல்லே" என்றார். இல்லையாம். சரி, பூக்காரருக்கு என்ன தெரியும் என்று பத்தடி தள்ளி ஒரு சைக்கிள் கடையில் கேட்டேன். அங்கேயும் "இல்லே". மூன்றாவதாக ஒரு ஜட்கா வண்டிக்காரர். வாய் நிறைய வெற்றிலை. முகவாயை மட்டும் அசைத்து அவரும் அதையே சொன்னார். எனக்குச் சுறுசுறுவென்று கோபம் வந்தது. இல்லாத அரண்மனையைப் பார்க்கவா இத்தனை தூரம் அனுப்பினாள் என்று அக்காவை மனதுக்குள் திட்டிக்கொண்டே லால்பாக்குக்கு நடையைக் கட்டினேன்.

அரண்மனையை எப்போதோ இடித்துவிட்டார்கள், மூன்று பேரிடம் விசாரித்தாயிற்று என்று அக்காவிடம் ஒரு அதிகாரியின் தோரணையில் அறிக்கை கொடுத்தேன். என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். சொன்னேன்.

"கன்னடத்துல 'இல்லே'ன்னா இங்கேயேன்னு அர்த்தம்டா. வாசல்லயே நின்னுக்கிட்டு மூணு பேரைக் கேட்டிருக்கே."

அப்புறம் சிரித்தாள். லால்பாக் வாசலில் போகிறவர் வருகிறவரெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். எனக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் சிரித்துப் பார்த்து ஒரு வருஷம் ஆயிற்று என்பது நினைவுக்கு வந்ததும் கோபம் போய்விட்டது.

அன்று இருட்டும்வரை லால்பாக்கின் கண்ணாடி மாளிகை, பாறை, புதிதாகக் கட்டிய விதான சௌதா என்று சுற்றினோம். நான் கட்டடங்களைப் பார்த்ததைவிட அக்காவைப் பார்த்ததுதான் அதிகம். சில்லறை இல்லை என்று எரிந்து விழுந்த கண்டக்டருக்குக் கன்னடத்தில் பதில் கொடுத்தாள். ஜட்காக்காரரிடம் உருதுவில் பேரம் பேசினாள். ஊரில் இருந்தபோது தெருமுனைக் கடைக்குக்கூட என்னைத் துணைக்குக் கூப்பிட்டவள் இவள்.

ஞாயிறு காலை அவளே என்னை அரண்மனைக்குக் கூட்டிப்போனாள். பூக்காரர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கூப்பிடு தூரம். மாடி முகப்பில் வரிசையாக மரத்தூண்கள், சாயம் போன பூவேலை. எங்களைத் தவிர அங்கே ஆள் இல்லை. ரயிலுக்கு மூன்று மணி நேரம்தான் இருந்தது. இனித் தள்ளிப்போட முடியாது என்று கேட்டுவிட்டேன்.

"வீட்டுக்கு வந்துடுக்கா. அம்மா பெட்டியெல்லாம் குடுத்து அனுப்பியிருக்கா."

கீழே தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே "இல்லே" என்றாள்.

"தமிழ்லயா, கன்னடத்துலயா?"

"ரெண்டுலயும்தான்."

அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தத்தான் அம்மா அனுப்பியிருந்தாள். ஆனால் முந்தின நாள் அவளைப் பார்த்த பிறகு எனக்கு வாய் வரவில்லை. ரயில் ஏறும்போது பெட்டி தூக்க முடியாத கனம். மல்லேஸ்வரம் மார்க்கெட்டிலிருந்து காய்கறி வாங்கி அடைத்திருந்தாள்.

வீட்டில் பெட்டியை வைத்த மறு நிமிஷம் அம்மா திறந்தாள். புடவைகள் இருக்கும் என்று நினைத்திருப்பாள். உள்ளே பெங்களூர்க் கத்திரிக்காயும் காப்பிப்பொடியும் இருந்தன.

"என்னடா சொன்னா?"

"இல்லேன்னு சொன்னா."

அம்மா பெட்டியை மூடாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குத் தாங்கவில்லை. கன்னடத்தில் அதற்கு இங்கேயே என்றுதான் அர்த்தம், அவள் அங்கே நன்றாகத்தான் இருக்கிறாள் என்று விளக்கினேன். பூக்காரர் கதையையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தமிழ்தானேடா தெரியும்" என்றாள்.