ஏகாம்பரம் வாயில ஒரு ஸ்க்ரூ

அட, உக்காருங்கப்பா! பேச்ச நிறுத்துங்க. மருந்துக்கடை, ரத்தம் எடுக்குற லேபு, கண்ணாடிக்கடைன்னு ஜனங்களாண்ட மாட்டிக்கினு முழிக்கிறவங்கல்லாம் முன்னாடி வாங்க. நான் உத்திரமேரூர் பஜார்ல பல் டாக்டரம்மாவாண்ட எடுபிடி. பல்லு வேலைன்றது டாக்டரம்மா ஒருத்தரு கட்டுறத ஊரே சேந்து இடிக்கிற வேலை.

காந்தம்

ஏகாம்பரம் பிரைவேட் பஸ் கண்டக்டரு. சடன் பிரேக்ல கம்பில மோதி முன்பல்லு பூட்ச்சி. "போலாம் ரைட்டு"ன்னு கத்துனா, "ஃபோலாம் ழைட்டு"ன்னு காத்துதான் வருது. பஸ்ஸே சிரிக்குது. மனுசன் பேச்சையே வுட்டுட்டு, வாயப் பொத்திக்கினு, தகரத்த தட்டித்தான் பஸ்ஸ எடுக்கச் சொல்றாரு. ஓனரு வேற கண்டக்டர் தேடிக்கினு கீறாராம்.

டாக்டரம்மா தாடை எலும்புல டைட்டானியம் ஸ்க்ரூ எறக்கினாங்க. மூணு நாலு மாசத்துல எலும்பு அத புடிச்சிக்கும், அப்பால மேல பல்லு மாட்டலாம். அதுக்குள்ள ஸ்க்ரூ ஆடுச்சின்னா பல்லும் இல்ல, வேலையும் இல்ல.

மறுநாளே அவரு மச்சான் வந்து நிக்கிறாரு. காயலாங்கடைக்காரரு. ஒடஞ்ச ஸ்பீக்கர் காந்தத்த ஏகாம்பரம் உதட்டுல வச்சிப் பாத்தாராம். எனக்கு வந்திச்சி பாரு கோவம்! "டைட்டானியத்துல காந்தம் ஒட்டாதுய்யா, எலும்புதான் ஒட்டும்"னு தொண்ட கிழிய கத்துறேன். அவரு அசரல.

"ஒட்டலயே நைனா, ஓட்ட குண்டான் அலுமினியத்தயா எங்காளு வாயில திருகிக்கிறீங்க?"

ஆட்டிப் பாக்குறவரு

அடுத்த வாரம் ஈறு வீங்கிக் கீது. "இன்னாயா பண்ண?"ன்னா, ஏகாம்பரம் பக்கத்துல நிக்கிற பஸ் டிரைவர கை காட்றாரு. அந்தாளு தெனம் டீக்கடையில ஸ்க்ரூவ வெரலால ஆட்டிப் பாத்து, "கெட்டியா கீது"ன்னு சர்டிபிகேட் குடுக்கிறாராம். கிரீஸு கையிங்க! தெனம் ஆட்டினா எலும்பு எப்டி புடிக்கும்? நான் எகிறினா, டிரைவரு என்னயே கேக்குறாரு.

"பந்தக்கால் நட்டா ஆட்டிப் பாக்காம பந்தல் போடுவாங்களாப்பா?"

ஆடி வெள்ளி

ஸ்க்ரூ எப்டியோ தப்பிச்சி, ரெண்டு மாசம் கழிச்சி எக்ஸ்ரேல பாத்தா எலும்பு புடிச்சிக்கினு வருது. "இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கோங்க"ன்னாங்க டாக்டரம்மா. அன்னிக்கின்னு பாத்து ஏகாம்பரத்தோட அக்கா, பூசாரிய இட்டுக்கினு உள்ள பூந்துச்சி. பஸ்ஸுல அடிபட்ட தம்பி பொழச்சா அவன் கன்னத்துல அலகு குத்துறேன்னு அம்மனுக்கு வேண்டிக்கிச்சாம். வர்ற வெள்ளிக்கிழம கூழ் ஊத்துறாங்க, இந்தக் கன்னத்துல குத்தி அந்தக் கன்னத்துல எடுக்கணுமாம். வேற எடமே கிடைக்கலயா ஒங்களுக்கு?

"புண்ணு சீழ் புடிச்சா எல்லாம் போச்சி"ன்றாங்க டாக்டரம்மா. "சாமி குத்தம் ஆயிடும்"னு அக்கா கத்துது. "கம்பிய சுடுதண்ணில போட்டு எடுத்துர்றேம்மா"ன்றாரு பூசாரி. நான் கத்துறேன். காத்துக்கினு இருந்த பேஷண்டுங்க ரெண்டு கட்சியா பிரிஞ்சி கத்துறாங்க.

மூலையில ஏகாம்பரம் வாயிலருந்து கைய எடுத்தாரு. மாசக்கணக்கா பேசாத மனுசன்.

"வேண்டிக்கினது நீ. ஃபல்லு மொத்தமும் உனுக்கு அப்டியே கீது. அலகு நீயே குத்திக்கோக்கா."