தலைகீழாகப் படம் பார்ப்பவள்

படத்தைக் கையில் வாங்கியதும் அசனா அதைத் தலைகீழாகத் திருப்பித்தான் பிடிப்பாள். கொண்டுவந்தவர்கள் பதறி, "தங்கச்சி, மற்றப் பக்கம்" என்று கை நீட்டினால், "தெரியும், கொஞ்சம் பொறுங்க" என்பாள். நேராகப் பார்த்தால் முகம் ஆளை இழுத்துவிடுமாம். மாப்பிள்ளைக்கு என்ன வயது, பக்கத்தில் நிற்பது மாமியா மச்சாளா என்று மனம் ஊர்க்கதைக்குப் போய்விடுமாம். தலைகீழாகப் பிடித்தால் நிறம் மட்டும் தெரியும். நடுவில் ஒரு சிவப்பு, மேலே ஒரு நீலம், ஓரத்தில் கொஞ்சம் மண்ணிறம். அந்த நிறங்களை மனதில் வைத்துக்கொண்டுதான் எந்தத் தாள், எந்த நாடா, எந்தப் பொத்தான் என்று தேடத் தொடங்குவாள்.

திருகோணமலையில் உட்துறைமுக வீதிக்குப் பின்னாலுள்ள ஒழுங்கை ஒன்றில் அவளுடைய வீடு. குட்டி அல்பம் செய்வது தொழில். உள்ளங்கைக்குள் அடங்குவது, விசிறிபோல் விரிவது, நாடாவைப் பிடித்து இழுத்தால் உள்ளேயிருந்து இன்னொரு படம் நாக்கு நீட்டுவது என்று பலவகை. கணவன் றிகாஸ் ஓட்டோ ஓட்டுகிறான். மனைவி என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "குப்பைய ஒட்டி விக்கிறா" என்பான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் தெரிகிற பெருமையைப் பார்க்கவேண்டும்.

குப்பை என்பதும் பொய்யில்லை. புதுச் சேட்டுக்குள் வருகிற மட்டைதான் அவளுக்கு அட்டை. கலியாணக் கார்ட் உறைகளை அடுக்கி நடுவில் தைத்துவிட்டால் பக்கத்துக்கு ஒரு பை தயார். மாவு வருகிற தடித்த தாள் சாக்கைப் பிளேன்டீயில் ஊறவைத்து வெயிலில் காயவிட்டால் அது பாட்டன் காலத்துத் தாள்போல் ஆகிவிடும். வெண்டிக்காயின் அடியை வெட்டி மையில் தோய்த்து அமத்தினால் பூ. அபாயா தைக்கிற கடையில் கழித்துப் போடும் லேஸ் முழுவதும் அவளுக்குத்தான். கழிப்பறைத் தாள் சுற்றிவரும் குழாயைக்கூட விடுவதில்லை. அதை நசுக்கித் தட்டையாக்கி, பூத்தாள் ஒட்டி, ஒரு பக்கத்தைத் தைத்துவிட்டால் சின்னச் சீட்டு ஒன்று செருக நல்ல பொக்கெற். ஒரு ரீச்சர் அதைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "இந்த அட்டை எங்க வாங்கினீங்கள்?" என்று கேட்டாராம். அசனா சிரித்துச் சமாளித்தாளே தவிர, இடத்தைச் சொல்லவில்லை.

தெரிந்தவர் வீடென்றால் படம் கேட்குமுன் அலுமாரி லாச்சியைத் திறக்கச் சொல்வாள். சாறியிலிருந்து உதிர்ந்த மணி, பழைய பஸ் ரிக்கெற், பிள்ளையின் பொத்தான் கழன்ற சட்டைக் கை, இப்படி எதையாவது பொறுக்கிக்கொண்டுதான் எழும்புவாள். "பாக்கிறதுக்கு மட்டும் என்டா போன் இரிக்கி. இது கைக்குச் செய்யிற சாமான்" என்பது அவள் அடிக்கடி சொல்வது. ஒவ்வொரு அல்பத்திலும் இழுக்கவோ அவிழ்க்கவோ ஏதாவது ஒன்று இருந்தே ஆகவேண்டும்.

படத்தை வெட்டியதும் மிஞ்சும் ஓரங்களும் வீணாவதில்லை. பூ வெட்டுகிற சின்ன அச்சு ஒன்று வைத்திருக்கிறாள். ஓரத்துண்டைச் செருகி ஒரு அமத்து அமத்தினால் ஐந்து இதழ்ப் பூ 'டிக்' என்று கீழே விழும். ஸ்ரூடியோத் திரையின் நீலம், யாரோ ஒருத்தியின் முந்தானைச் சிவப்பு. கடையில் வாங்கேலாத நிறங்கள் என்று அவளுக்கு அதில் தனிக் கர்வம் இருந்தது.

அண்மைக்காலமாக அந்தக் கர்வம் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. தலைகீழாகப் பார்த்து முடித்தபிறகு இப்போது படத்தை நேராகவும் பிடிக்கிறாள். விரலை நாலு ஓரமும் ஓடவிட்டு, "இது ஆரு? இந்த நெழல் ஆர்ர?" என்று கேட்கிறாள். வந்தவர்கள் களைத்துப்போகும்வரை கேட்கிறாள். சம்பூர் இலட்சுமி வந்துபோனபிறகு தொற்றிக்கொண்ட பழக்கம் இது.

இலட்சுமி கைலேஞ்சியில் சுற்றிக் கொண்டுவந்தது ஒரேயொரு படம். ஸ்ரூடியோக் கதிரையில் பெரிய சிவப்புச் சட்டை போட்ட கைக்குழந்தை, பின்னால் நீலத் திரை. "மகள் ஜதுசாவுக்கு வாற மாதம் கலியாணம். அவளுக்குத் தெரியாமல் குடுக்கவேணும்" என்று மட்டும் சொன்னாள். அதிகம் கதைக்கிற ஆளில்லை. அசனா படத்தைத் தலைகீழாகப் பார்த்தாள். சிவப்பு, நீலம், கதிரையின் ஓரத்தில் கொஞ்சம் மண்ணிறம். அடுத்த நாளே குழந்தையை முட்டை வடிவில் அழகாக வெட்டி, சுற்றிவரச் சிவப்பு லேஸ் வைத்து, இழுத்தால் விரிகிற அல்பமொன்றைச் செய்து முடித்துவிட்டாள். செய்தவற்றில் அதுதான் திறம் என்று றிகாஸுக்கும் காட்டினாள்.

இலட்சுமி வந்து அல்பத்தை விரித்தாள். வெகுநேரம் பார்த்தாள். பக்கத்தைத் திருப்பிப் பின்புறமும் பார்த்தாள்.

"தங்கச்சி, அவர்ர கை எங்க?"

"எவர்ர கை அக்கா?"

"ஜதுசான்ர அப்பான்ர கை. கதிரையில இருந்ததே."

பிறகுதான் விசயம் வெளியே வந்தது. அன்றைக்குக் குழந்தை கதிரையில் இருக்கமாட்டேன் என்று சாய்ந்து சாய்ந்து விழுந்திருக்கிறது. தகப்பன் கதிரைக்குப் பின்னால் குந்தியிருந்து, ஆள் தெரியாமல், விழுந்தால் பிடிக்கக் கையை மட்டும் நீட்டி வைத்திருந்திருக்கிறார். 2006இல் சண்டை வந்து சம்பூரை விட்டு ஓடியபோது எறிகணைச் செல் பட்டு அவர் போய்விட்டார். வீட்டிலிருந்த படங்களும் வீட்டோடு போயின. நகரத்திலிருந்த தங்கைக்கு அனுப்பிய இந்தப் பிரதி போன மாதம்தான் அவளுடைய பெட்டியிலிருந்து கிடைத்தது. ஜதுசா இன்னும் அதைக் காணவில்லை. இலட்சுமியிடம் இருப்பது படம் எடுக்க ஏலாத பட்டன் போன், அதனால் வேறு பிரதியும் இல்லை.

"பிள்ளையின்ர படம் எண்டு நான் தரேல்ல. அந்தக் கைக்காகத்தான் தந்தனான். அது பாத்தாலே தெரியும் எண்டு நினைச்சன்" என்றாள் இலட்சுமி. அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அசனாவுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

 கதிரை ஓரத்து மண்ணிறம் எங்கே போயிற்று என்பது அசனாவுக்கு நன்றாகத் தெரியும். தேடுவதுபோல் பாசாங்கு செய்ய ஒரு கணம் மனம் ஏவியது. ஆனால் அவளால் அது முடியவில்லை.

"அக்கா, நான் அதப் பூவா வெட்டிட்டன். வெட்டி இன்னொரு ஆள்ட அல்பத்தில ஒட்டிக் குடுத்திட்டன்."

இலட்சுமி அல்பத்தை மூடினாள். "எந்த ஊர் ஆள்?"

"இறக்கக்கண்டி."

"அப்ப வாங்கோ, போவம்."

றிகாஸின் ஓட்டோவில் நிலாவெளி தாண்டி இறக்கக்கண்டிக்குப் போனார்கள். 

அந்த அல்பத்தை வாங்கியிருந்த பஸ்மியா தலைப்பிள்ளை பெற்ற பெண். புருசன் கடலுக்குப் போகிறவன். விசயத்தைக் கேட்டதும் அல்பத்தை எடுத்து வந்தாள். ஆனால் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள். பூ இருந்தது முதல் பக்கத்தில், பிள்ளை பிறந்ததும் ஆஸ்பத்திரியில் கையில் கட்டிய பட்டியின் மேலே. பட்டி கழன்று விழாமல் இருக்கவே அந்தப் பூவை அசனா அழுத்தமாக ஒட்டியிருந்தாள். மண்ணிறத்துக்குள் மெல்லிய நிழலோடு என்ன வடிவான பூ என்று அன்றைக்கு மெச்சிக்கொண்டதும் ஞாபகம் வந்தது.

"இதப் பிய்ச்சா பட்டியும் கிழிஞ்சிரும். எனக்கும் இது ஒண்டுதானே இரிக்கி" என்றாள் பஸ்மியா.

அது நியாயமாக இருந்தது. 

இலட்சுமி கிட்டப் போய்க் குனிந்து பூவைப் பார்த்தாள். கை கிட்டத்தட்ட முழுதாகவே இதழ்களுக்குள் விழுந்திருந்தது. சுண்டுவிரல் நுனி மட்டும் இல்லை.

"ஓம், அவர்ர கைதான்" என்றாள். பிறகு, "பட்டி கிழியுமெண்டால் வேண்டாம் பிள்ள. அது இருக்கட்டும். நான் கண்டிட்டன், எனக்கு அது காணும்" என்று வாசல் பக்கம் திரும்பினாள்.

பஸ்மியாவுக்கு அதைத் தாங்க ஏலவில்லை. "நில்லுங்க" என்று உள்ளே போனவள் புருசனின் தங்கூசிச் சுருளோடு வந்தாள். மீன் தூண்டிலுக்குக் கட்டுகிற, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழை. "பிய்க்க வேணாம். இதால அறுத்துப் பாப்பம்."

பஸ்மியா பக்கத்தை இறுக்கிப் பிடிக்க, அசனா தங்கூசியை இரண்டு விரலிலும் சுற்றிப் பூவின் அடியில் கொடுத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அரக்கி அரக்கி இழுத்தாள்.  தன் தொழிலில் இவ்வளவு பயந்து அவள் ஒரு வேலையும் செய்ததில்லை. பட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. பூ கழன்று இலட்சுமியின் உள்ளங்கையில் விழுந்தது.

"அந்த இடத்துக்கு வேற பூ செஞ்சி தாறன்" என்றாள் அசனா.

"படத்தில வெட்டின பூ வேணாம்" என்றாள் பஸ்மியா.

நகரத்துக்குத் திரும்பியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அசனா மேசையில் அல்பத்தை விரித்து, குழந்தையைச் சுற்றியிருந்த லேஸை ஒரு பக்கம் கழற்றினாள். கதிரை ஓரம் எவ்வளவு தூரத்தில் இருந்தது, கை எந்தச் சரிவில் நீட்டியிருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். இலட்சுமி சொல்லச் சொல்ல, பென்சிலால் மெல்லிய புள்ளி வைத்தாள். புள்ளியில் பசை தொட்டுவிட்டுப் பூவைத் தூக்கச் சாமணத்தை எடுத்தாள்.

"நான் வைக்கிறன்" என்றாள் இலட்சுமி.

அசனா சாமணத்தைக் கீழே வைத்தாள். இலட்சுமி விரல் நுனியில் பூவை எடுத்துப் புள்ளியின்மேல் வைத்தாள். கொஞ்சம் திருப்பினாள். சிவப்புச் சட்டைக்குப் பக்கத்தில், பிள்ளை விழுந்தால் பிடிக்கிற தூரத்தில், அந்தக் கை வந்து நின்றது.

"காயும் மட்டும் அமத்திப் பிடிங்க அக்கா."

இலட்சுமி அமத்திப் பிடித்தாள். அசனா உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். கழற்றிய லேஸைப் பூவுக்கு வெளியால் சுற்றித் திரும்பவும் தைத்தாள், மேசையில் கிடந்த துணுக்குகளைக் கூட்டி எடுத்தாள்.

"காஞ்சிரிக்கும் அக்கா. இனி விடலாம்."

"ஓம்" என்றாள் இலட்சுமி. தேத்தண்ணி ஆறிப் போயிற்று. அவள் விரலை எடுக்கவில்லை.