உள்ளானுக்கு விட்ட இடம்

புஷ்பராணி மாரடைப்பால் காலமானார் என்ற செய்தி எங்கள் ஒளிப்படச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அதற்கு முன்னும் பின்னும், வரவிருக்கும் கண்காட்சிக்கான தேநீர் ஏற்பாடு பற்றிய விவாதம்.

அவரை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, கண்டியில் ஒரு மருத்துவமனையின் எக்ஸ்ரே பிரிவில் பணியாற்றியவர். விடுமுறை நாள்களில் நீர்க்கரைப் பறவைகளைப் படமெடுத்தார்.

ஒருமுறை பொல்கொல்லை நீர்த்தேக்கத்தின் சேற்றோரத்தில் நாங்கள் முக்காலிகளை நிறுத்திக்கொண்டிருக்க, அவர் பழைய மழையங்கி ஒன்றை விரித்துக் குப்புறப் படுத்தார். "ஐயோ மிஸ், இறால் பிடிக்கவா வந்தீங்க?" என்று ஒருவர் கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள்.

"நீங்க நின்னுக்கிட்டே எடுங்க சேர். குருவிக்கு முதுகு மட்டுந்தான் இருக்குன்னு ஊருக்குச் சொல்லலாம்" என்றார், தலையைத் திருப்பாமலே.

அன்று அவர் எடுத்த உள்ளான் குருவி, படத்தின் வலது ஓரத்தில் சிறியதாக நிற்கிறது, இடப்பக்கம் பார்க்கிறது. எஞ்சியதெல்லாம் நீர்.

"முக்கால் படமும் தண்ணி. குருவியைக் கிட்டவா வெட்டித் தாரும்" என்றார் கண்காட்சித் தேர்வுக்குழுவில் எங்கள் சங்கத் தலைவர். சங்கச் செயலாளர் என்ற முறையில் நான் விதிகளை வாசித்துக் காட்டினேன். பறவையின் அளவு பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை.

"விதியில இல்லாட்டி என்ன ஐசே, எனக்குக் கண் இருக்குதானே."

புஷ்பராணி விட்டுக்கொடுக்கவில்லை. "அது பார்க்கிற பக்கந்தான் அது போகப்போற பக்கம். அத வெட்டினா குருவி செவுத்துல முட்டும்" என்றார். படம் நிராகரிக்கப்பட்டது. ஆண்டுதோறும் அதே படத்தை, அதே அளவில் சமர்ப்பித்தார். ஆண்டுதோறும் நிராகரித்தார்கள்.

கொஞ்சம் வெட்டினால் ஏற்றுக்கொள்வார்களே என்று ஒருநாள் பேருந்தில் கேட்டேன். "எக்ஸ்ரேயில ஓரம் வெட்டுப்பட்டா, வலி அங்கதான் இருந்திருக்கும் சேர்" என்று சொல்லிச் சிரித்தார்.

இறுதிச் சடங்கன்று வாசலில் சங்கத்தின் அனுதாபப் பதாகை கட்டப்பட்டிருந்தது. அதே படம். ஒருவழியாக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். நீர்ப்பரப்பின் நடுவே புஷ்பராணியின் முகம். அதன் கீழே நிர்வாகிகளின் பெயர்கள், பதவி வரிசைப்படி. என் பெயரும் இருந்தது; என்னைக் கேட்கவில்லை.

"அக்காவோட குருவி எங்கங்க சேர்?" என்று அவருடைய தங்கை கேட்டார். சுட்டிக் காட்டினேன். பதாகையின் ஓரத்தில் அச்சடித்த மலர்க்கரை குருவியை மூடியிருந்தது; அலகு மட்டும் வெளியே தெரிந்தது.

தலைவரிடம் போய்ச் சொன்னேன். "வெறும் தண்ணிதானே ஐசே! இடம் சும்மா கிடந்தது, போட்டம். செத்த வீட்டிலயும் விதி கதைக்கிறீரே" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் தலையாட்டினார்கள். உயிரோடிருந்தபோது அவர்களால் வெட்ட முடியாததை, அவர் மறுக்க முடியாத நாளில் வெட்டிவிட்டார்கள்.

கண்காட்சி வாசலிலும் அந்தப் பதாகையே தொங்குமாம். என் பெயரை நீக்கும்படி எழுதிவிட்டேன், பதவியிலிருந்தும்தான். அவர் சமர்ப்பித்த மூலப் படம் என்னிடம் இருக்கிறது. உள்ளானின் முன்னால் அவர் விட்ட நீரை, எவர் பெயரும் படாமல் வைத்திருக்கிறேன்.