முதலாளி ஏறாத வேன்

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ, வருஷம் சரியாக ஞாபகம் இல்லை. புரட்டாசி மாசம் என்பது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. தீபாவளிக்கு முந்திய அந்த நாட்களில் சிவகாசிப் பக்கம் யாரும் யாரிடமும் நின்று பேச மாட்டார்கள். எதைக் கேட்டாலும் "சீசன்" என்று ஒரே வார்த்தையில் பதில் வரும். நான் அப்போது விஸ்வநத்தம் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். சாத்தூரைச் சுற்றியிருக்கிற ஊர்களில் இருந்து வேலைக்கு வரும் பெண்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அதற்கு முன்னால் லாரி ஓட்டினேன். பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போவேன். போனால் வீடு திரும்பப் பல நாள் ஆகும். மகள் பிறந்த பிறகு என் மனைவி ஒரே பிடியாக நின்றாள், "தெனமும் ராத்திரி வீட்டுக்கு வர்ற வேலையாப் பாருங்க" என்று. வேன் வேலை கிடைத்தபோது வீட்டில் பாயசம் வைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வேனைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனசு வராது. இரண்டு பக்கமும் நீளமாகப் பெஞ்சு. எதிரும் புதிருமாக உட்கார்ந்து வருவார்கள். ஏறும்போதே ஜன்னல் ஓரத்துக்குச் சண்டை. சண்டை முடிந்ததும் பாட்டு. பாட்டு முடிந்ததும் என்னைக் கேலி செய்வது. நான் கொஞ்சம் முன்கோபக்காரன், சட்டென்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வேன். அது போதாதா அவர்களுக்கு! "டிரைவர் அண்ணே, இன்னைக்கு அண்ணி காப்பித்தண்ணி தரலையா?" என்று ஒருத்தி ஆரம்பிப்பாள், வேனே சிரிக்கும். சாயங்காலம் வரும்போது களைத்துப் போய் ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்து தூங்குவார்கள். சம்பள நாளில் சாத்தூரில் வண்டியை நிறுத்தச் சொல்லி காராச்சேவு வாங்குவார்கள், எனக்கும் ஒரு பொட்டலம் வந்துவிடும். பிச்சிப்பூ வாசமும் துவையல் வாசமும் வெடிமருந்து நெடியும் கலந்து அந்த வேனுக்கு என்று ஒரு வாசம் இருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ வண்டி ஓட்டிவிட்டேன். அந்த வாசம் எதிலும் இல்லை.

வேனில் எல்லோருக்கும் மூத்தவர் ஒரு அம்மா. அம்பது வயதைத் தாண்டியிருக்கும். எல்லோருக்கும் அவர் பெரியக்கா. எனக்கும்தான். அதிகம் பேச மாட்டார். ஆனால் சண்டை எல்லை மீறினால் "ஏ, சும்மா வாங்கடி" என்று ஒரு அதட்டல் போடுவார். வேன் கப்சிப் ஆகிவிடும்.

எங்கள் கம்பெனிக்குச் சாத்தூர்ப் பக்கம் ஒரு சின்ன கிளை இருந்தது. அங்கே திரி மட்டும் செய்வார்கள். வெடியில் செருகுகிற திரி. பார்க்க நூல்கண்டு மாதிரி சாதுவாகத்தான் இருக்கும். ஒரு உரசல், ஒரு பொறி போதும், அப்புறம் யாராலும் நிறுத்த முடியாது. அதனால் அதைக் கொண்டுபோவதற்கென்றே தனியாக ஒரு லோடு வண்டி உண்டு. அதில் டிரைவரைத் தவிர ஆள் யாரும் ஏறக் கூடாது.

அன்றைக்குக் காலையில் வேனை எடுக்கப் போகிறேன். வேன் நிற்கும் இடம் அந்தத் திரிக் கிளைதான். கதவைத் திறந்தால் பெஞ்சுக்கு அடியில் இரண்டு பக்கமும் சாக்கு சாக்காகத் திரி.  போர்மேன் அண்ணாச்சி பக்கத்தில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி இது?"

"லோடு வண்டி லாரி ஆபீசுக்குப் போயிருச்சுலே. கம்பெனியில திரி இல்லாம வேலை நிக்கி. நீ எப்படியும் அங்கனதான போற? ஒரு ட்ரிப்பு மிச்சம், டீசல் மிச்சம். மொதலாளியே சொல்லிட்டாரு."

"ஆளுகளை எங்க ஒக்கார வைக்க?"

"பெஞ்சு மேலதான். அவுக என்ன சாக்கு மேலயா ஒக்காரப் போறாக?"

எனக்கு வந்ததே கோபம். லாரி ஓட்டின காலத்தில் பட்டாசு லோடு ஏற்றினால் நாங்கள் பீடி பற்ற வைக்கக் கூடாது, கேபினில் ஸ்டவ் வைத்துச் சமைக்கக் கூடாது, ஊருக்குள் நிறுத்தக் கூடாது. நாள்கணக்கில் பன்னும் வாழைப்பழமும் தின்றுகொண்டு போவோம். சரக்குக்கு அம்புட்டு மரியாதை! இங்கே அதே சரக்கை இந்தப் பொம்பளைப் பிள்ளைகளின் காலுக்கடியில் திணித்து வைத்திருக்கிறார்கள்.

"சரக்கை மட்டும்னா கொண்டு போறேன் அண்ணாச்சி. ஆளை மட்டும்னாலும் கொண்டு போறேன். ரெண்டும் சேர்த்து என்னால முடியாது."

அவர் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார். "எடு, அங்கன போய்ப் பேசிக்கிடலாம்" என்றார். பெண்கள் எல்லோரும் வந்து கூடி நிற்கும் பஸ் ஸ்டாப்புக்குக் கொஞ்சம் முன்னாலேயே வண்டியை நிறுத்திவிட்டேன். இறங்கிப் போய் அவர்களிடம் சொன்னேன்: "பெஞ்சுக்கு அடியில திரி இருக்கு. ஏறாதீக."

போர்மேன் முகத்தில் ஈயாடவில்லை. பின்னாலேயே வந்தவர் கையை நீட்டினார். "சாவியக் குடு. நாளையில இருந்து நீ வர வேண்டாம்." கொடுத்துவிட்டேன். கொடுக்கும்போது வீறாப்பாகத்தான் கொடுத்தேன். கொடுத்த மறுநிமிஷம் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறுபடியும் லாரி, மறுபடியும் வடக்கு. வீட்டுக்குப் போய் மனைவியிடம் என்ன சொல்வது? மகள் அப்போதுதான் என்னைப் பார்த்தால் கையை நீட்டித் தாவப் பழகியிருந்தாள்.

போர்மேனுக்கும் ஓட்டத் தெரியும். டிரைவர் சீட்டில் ஏறி ஹாரனை அடித்தார். "ஏறுங்க எல்லாரும். நேரமாகுது. சீசன் நேரத்துல வேலைக்கு வராட்டி அப்புறம் வேலையே இருக்காது, சொல்லிட்டேன்."

யாரும் அசையவில்லை. அவர்கள் பயந்தது எனக்குத் தெரிந்தது. அந்த வேலையை நம்பித்தான் ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பு எரிந்தது. பிள்ளைகளுக்குத் தீபாவளித் துணி அதில்தான் எடுக்க வேண்டும். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். எல்லோரும் கடைசியில் பெரியக்காவைப் பார்த்தார்கள்.

 பெரியக்கா ரோட்டு ஓரத்தில் சேலையை ஒதுக்கிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். தூக்குச்சட்டியைத் திறந்தார். சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார்.

பட்டாசு வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான் இது என்னவென்று புரியும். மத்தியானச் சோறு மத்தியானம்தான். வழியில் யாரும் தூக்கைத் திறக்க மாட்டார்கள். காலையிலேயே திறந்துவிட்டால், இன்றைக்கு வேலைக்குப் போகப் போவதில்லை என்று அர்த்தம். ஒருத்தி உட்கார்ந்தாள். இன்னொருத்தி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் ரோட்டோரம் முழுக்கத் தூக்குச்சட்டி திறந்து கிடந்தது. ஊறுகாய் கைமாறுகிறது, துவையல் கைமாறுகிறது, ஏதோ கோயில் கொடை விழாவுக்கு வந்த மாதிரி! போர்மேன் ஹாரன் அடிப்பதை நிறுத்திவிட்டார்.

"ஏப்பா டிரைவரு, அங்கன என்ன நின்னுக்கிட்டு இருக்க? இங்க வந்து ஒக்காரு. ஒரு வாய் சாப்பிடு," என்றார் பெரியக்கா. ஒரு மூடியில் சோற்றை வைத்து என்னிடம் நீட்டினார். வாங்கினேன்.  எனக்காக இவர்கள் பிழைப்பைப் பணயம் வைத்து உட்கார்ந்திருக்கிறார்களே என்று நினைத்தேன். அழுதேன், வெட்கமே இல்லாமல் அழுதேன். "ஐயே, அண்ணன் அளுகுது" என்று ஒருத்தி சிரித்தாள். அவளுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

போர்மேன் செல்போனில் பேசினார். முதலாளி காரில் வந்து இறங்கினார். கெட்ட மனுஷர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். வேலை செய்கிறவர்கள் எவர் வீட்டு விசேஷத்துக்கும் வந்து நிற்பார். பெண்கள் எல்லோரும் எச்சில் கையோடு எழுந்து நின்றார்கள்.

"என்னம்மா இது? ஒரே ஒரு நாள். ஒரு ட்ரிப்பு மிச்சமாகுமேன்னு பார்த்தேன். இதுக்குப் போய் ரோட்டுல ஒக்காரலாமா?"

பெரியக்கா கையை முந்தானையில் துடைத்தார். குரலை உயர்த்தவில்லை.

"மிச்சம் புடிங்க மொதலாளி, நாங்க வேண்டாங்கலை. நீங்களும் ஏறுங்க. எங்க கூட ஒரு ஓரமா ஒக்காந்து வாங்க. அம்புட்டுப் பேரும் இப்பவே ஏறிருதோம்."

 முதலாளி எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். விறுவிறுவென்று வேனுக்குப் போனார். பின்படியில் ஒரு காலை வைத்தார்.  ஏறிவிடுவார் போலிருந்தது.

படியில் கால் வைத்தபடியே குனிந்து உள்ளே பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு காலைக் கீழே எடுத்துவிட்டார்.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "சாவிய அவன்ட்டயே குடுய்யா," என்று போர்மேனிடம் சொல்லிவிட்டு, "மொதல்ல நீ மட்டும் சரக்கைக் கொண்டு போய் எறக்கிட்டு வா. அப்புறம் இவுகளை ஏத்திக்க," என்றார்.  காரில் ஏறிப் போய்விட்டார்.

சரக்கை இறக்கி, வேனை ஈரத்துணியால் இண்டு இடுக்கு விடாமல் துடைத்து, திரும்பி வந்து அவர்களை ஏற்றிக்கொண்டு போனேன். வழி முழுக்க ஒரே கும்மாளம். கம்பெனி வாசலில் இறங்கும்போதுதான் ஒருத்திக்கு உறைத்தது. "ஐயையோ, மத்தியானத்துக்கு என்னக்கா செய்ய?" எல்லோருடைய தூக்கும் காலி. "ஒரு நா பட்டினி கெடந்தா ஒண்ணும் செத்துப் போக மாட்டோம், நடங்கடி" என்றார் பெரியக்கா.

எனக்கு மனசு கேட்கவில்லை. நேராக வீட்டுக்கு வண்டியை விட்டேன். என் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். வேலை போக இருந்ததைக் கேட்டு முதலில் என்னைத் திட்டினாள். திட்டிக்கொண்டே அரிசியைக் களைந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்களும் கூடி, பெரிய குண்டானில் தக்காளிச் சோறு ஆக்கி, சாப்பாட்டு நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டோம். வழக்கமாகக் காலையில் ஆட்களை இறக்கிவிட்டபின் வேன் காலியாகத்தான் திரும்பிப் போய் நிற்கும், சாயங்காலம்தான் மறுபடி கிளம்பும். அன்றைக்கு அது சுமந்த லோடு மாதிரி ஒரு லோடு நான் ஏற்றினதே இல்லை. "அண்ணி கையில இம்புட்டு ருசி இருக்கு, அப்புறம் எதுக்கு அண்ணே தெனமும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு வாறீக?" என்று அங்கேயும் கேலிதான்.

முதலாளி அதோடு விடவில்லை. எங்கள் ரோட்டிலேயே வேறொரு கம்பெனியின் திரிக் கிளையும் இருந்தது. அவர்கள் வண்டியும் பாதி லோடோடுதான் தினமும் போய்வரும். இரண்டு முதலாளிகளும் தொழிலில் போட்டி, ஒருத்தர் வீட்டு விசேஷத்துக்கு ஒருத்தர் போக மாட்டார்கள். எங்கள் முதலாளி தாமே அவரைத் தேடிப் போய்ப் பேசினார். அதன் பிறகு இரண்டு கம்பெனித் திரிக்கும் ஒரே லோடு வண்டி. பாதி பாதி லோடாக இரண்டு வண்டி போனது போய், முழு லோடாக ஒரே வண்டி ஆனது. ஒரு வண்டியின் டீசலும் புகையும் தினமும் மிச்சம். ஆள் வண்டியில் சரக்கு ஏற்றும் பேச்சே பிறகு எழவில்லை. என் மகள் இப்போது கல்லூரியில் இப்படி லோடு சேர்த்து டீசலும் புகையும் மிச்சம் பிடிப்பதையெல்லாம் பாடமாகவே படிக்கிறாள். பெரிய பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். "இது நம்ம பெரியக்கா பாடம்ல" என்று சொன்னால் சிரிக்கிறாள்.

ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? "மொதலாளி பயந்து எறங்கிட்டாரு" என்று டீக்கடைகளில் ரொம்ப நாள் பேசிச் சிரித்தார்கள். அவர் காதுக்கும் போயிருக்கும். ஒன்றும் சொல்லவில்லை.

போன வருஷம் விருதுநகரில் ஒரு கல்யாணத்தில் அவரைப் பார்த்தேன். தொழிலை மகனிடம் விட்டுவிட்டார். பந்தியில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். வேன் பெண்கள் ஒவ்வொருவரையும் விசாரித்தார். பிறகு அவராகவே சொன்னார்:

"அன்னைக்கு ஏறிரணும்னுதான்யா கால் வச்சேன். அம்புட்டுப் பொம்பளைக முன்னாடி ரோசம் விடுமா? குனிஞ்சு பார்த்தேன். பெஞ்சு மேல முந்தின நாள் யாரோ ஒரு பிள்ளை தலையில இருந்து விழுந்த பூ வாடிக் கெடந்துச்சு. அதுக்கு நேர் கீழ சாக்கு. அப்புறம் கால் வரலை."

சொல்லிவிட்டு இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. ரோசப்பட்டு அவர் அன்றைக்கு ஏறி உட்கார்ந்திருந்தால், பெரியக்கா சொன்ன சொல் மாற மாட்டார். அவ்வளவு பேரும் ஏறியிருப்பார்கள். வண்டி கிளம்பியிருக்கும். அன்றைக்கு ஒன்றும் ஆகாவிட்டால் அதுவே தினப்படி வழக்கமாகியிருக்கும், என்றைக்காவது ஒரு பொறி போதும். தைரியமாகக் காரியம் செய்த எத்தனையோ மனுஷர்களை என் வாழ்க்கையில் பார்த்துவிட்டேன். ஆனால் ஒரு வேன் நிறையப் பெண்கள் இன்றைக்கும் உயிரோடு இருந்து என்னைக் கேலி செய்கிறார்கள் என்றால், அது ஒரு மனுஷன் எல்லோர் கண் முன்னாலும் பயந்து காலைக் கீழே எடுத்ததால்தான்.