வளைவுதோறும் ஒரு ‘டொக்’

எங்கள் தாய்மாமன் ஈரோட்டுச் சாலையில் லாரி மோதி மாண்ட மறு ஆண்டில் அப்பா கார் வாங்கினார். ஓட்டுவதில் அவருக்கு நிதானம் என்பதே கிடையாது; முன்னால் ஒரு பேருந்து செல்வதையே தமக்கு நேர்ந்த அவமதிப்பாகக் கருதுவார். வளைவுகளில் அம்மா கண்களை இறுக மூடிக்கொண்டு, “ஏனுங்க, கொஞ்சம் மெதுவாப் போலாமுங்க” என்பார். அது அப்பாவின் செவியில் ஏறியதாக எனக்கு நினைவில்லை.

காரமடைக் கோயிலில் வண்டிக்குப் பூசை போட்டு வந்த வாரத்தில்தான் அந்தச் சத்தம் தொடங்கிற்று. வேகமாகத் திரும்பினால் ஒரு ‘டொக்’. பிரேக்கை மிதித்தால் இன்னொரு ‘டொக்’. மெதுவாகச் சென்றால் ஒன்றுமில்லை.

உக்கடத்தில் பட்டறை வைத்திருந்த பாய், அப்பாவைவிட வேகமாகவே ஓட்டிப் பார்த்தார், சத்தமில்லை. ஆயினும் சந்தேகத்துக்கு இடம் வைக்காமல், கழற்றக்கூடியவற்றையெல்லாம் கழற்றி மாட்டினார். வீடு திரும்பும் வழியிலேயே ‘டொக்’. மறுபடியும் பட்டறை, மறுபடியும் மௌனம். கடைசியில் பாய், “வண்டியில ஒண்ணுமில்லீங்க. நீங்க ஓட்டறதுலதான் ஏதோ இருக்குதுங்க” என்று மரியாதை குறையாமல் சொல்லிவிட்டார். அன்று அப்பா சோற்றைத் தொடவில்லை.

சத்தம் என் முதுகுக்குப் பின்னால் கேட்கிறது என்று நான் பலமுறை சொன்னேன். எஞ்சின் முன்பக்கம் இருக்கிறது என்னும் விவரம் ஒவ்வொரு முறையும் எனக்கு எடுத்துரைக்கப்பட்டது.

ஈரோட்டில் ஒரு கல்யாணத்துக்குச் செல்லும் வழியில் அப்பா பொறுமையிழந்து வண்டியை ஓரங்கட்டினார். டிக்கியிலிருந்த பெட்டிகள், சீர்த்தட்டுகள், ஸ்டெப்னி யாவும் சாலையோரத்தில் இறங்கின. ஸ்டெப்னிக்குப் பின்னாலிருந்த பள்ளத்தில், மஞ்சள் துணியில் முடிந்த முழுத்தேங்காய் ஒன்று கிடந்தது.

பூசையன்று அம்மா வேண்டிக்கொண்டு வைத்தது அது. பின்னர் விசாரித்ததில் தெரிந்தது: எண்ணெய்க் கறை சாமிப்பொருளில் படலாகாதென்று, பாய் ஒவ்வொரு முறையும் கைகழுவி அதை எடுத்து அலமாரியில் உயர வைத்துவிட்டே வேலையைத் தொடங்குவாராம். முடித்ததும் பயபக்தியோடு பழைய இடத்திலேயே வைத்துவிடுவாராம்.

“இதுக்காகவா அம்மணி நான் வண்டியவே பிரிச்சுப்போட்டேன்?”

“வேண்டுதலுங்க. எடுக்கப்படாதுங்க.”

“அப்ப இந்தச் சத்தம்?”

“மெதுவாப் போனா வாரதில்லீங்களே.”

ஒரு சாக்கைச் சுற்றி வைத்தால் உருளாதே என்றேன் நான். அம்மா என்னை முறைத்தார். “சாமி காரியத்துல உனக்கென்ன பேச்சு, கண்ணு?”

அன்று முதல் அப்பா, தூங்கும் குழந்தையைத் தோளில் சுமப்பவரைப் போல வளைவுகளைக் கடந்தார். பேருந்துகள் ஒவ்வொன்றாக எங்களை முந்திச் சென்றன. அவர் பல்லைக் கடித்தார். நேரத்துக்குப் பந்தி கிடைக்காதே என்று பின்னிருக்கையில் நானும் கடித்தேன்.

அம்மாவோ கண்களைத் திறந்து மஞ்சள் பயிரிட்ட காடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தார். அவர் காலடியில், பழந்துணிகள் திணித்து அசையாமல் நிறுத்திய ஊறுகாய் ஜாடி, ஒரு சொட்டும் சிந்தாமல் ஈரோடு வந்து சேர்ந்தது. அந்தத் துணிகளில் ஒன்று தேங்காய்க்குக் கிடைக்காமற்போனது ஏனென்று அந்த வயதில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.