விட்ட இடம்

ரங்கூனில் ஒரு பழம்பொருள் கடையில் அப்போது எனக்கு வேலை. உடைந்ததை ஒட்டுவதும் மங்கியதைத் தீட்டுவதும் என் பாடு. நகரின் ஓரத்துத் தாமுவேயிலிருந்து நடந்தே வருவேன்.

எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்த்த அமெரிக்கர் ஒருவரின் மனைவி, கப்பலேறும் முன் வீட்டுச் சாமான்களை எங்களுக்கு விற்றாள். அதில் ஒரு பழைய மண்பானை. அவள் நாட்டில் புவெப்ளோ என்னும் மண்வீட்டு ஊர்களின் பெண்கள், சக்கரமே இல்லாமல் கையால் வனைந்தது. வெள்ளைப் பூச்சின் மேல் கறுப்பில் படிக்கட்டுகள், மேகம், மழைக்கம்பிகள். கழுத்தைச் சுற்றி ஒரு கோடு. அது ஓரிடத்தில் விரலகலத்துக்கு விட்டுப்போயிருந்தது.

"மறந்துட்டாளுக போல. சேத்துப் போடுப்பா" என்றார் முதலாளி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிசினில் கரியைக் குழைத்து இழுத்தேன். பழசு எது, புதுசு எது என்று தெரியவில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் பானையைக் கடைசியாக ஒருமுறை பார்க்க வந்தாள் அந்தத் துரைசானி. கழுத்தைத் தடவியதும் முகம் வாடிவிட்டது. அந்தப் பெண்கள் கோட்டை ஒருபோதும் மூட மாட்டார்கள், வனைந்தவளின் உயிர் போய்வர வழி விட்டுத்தான் வைப்பார்கள் என்று தட்டுத்தடுமாறிப் பர்மிய மொழியில் சொன்னாள். முதலாளி என்னைக் கைகாட்டி, கேட்காமல் நானே செய்துவிட்டதாகச் சொன்னார்.

அடப்பாவி மனுஷா! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அவள் போனதும், "இப்பவே அழிச்சிடுறேன்" என்றேன்.

"கை வச்சே, வேலை போயிடும். நாளைக்கு வாங்க வர்ற துரைக்கு முழுக்கோடு வேணும். பானை நம்மளது."

"பானை உங்களுது. கோடு நான் போட்டது. பழிய என் தலையில கட்டினீங்கல்ல, அப்புறம் அழிக்கிறதும் நான்தான்."

வீட்டில் மனைவிக்கு ஏழாம் மாதம். பயம் இல்லாமலா இருக்கும்? இருந்தும் ஈரத்துணியை எடுத்துத் துடைத்தேன். சூளையில் வெந்த கறுப்பு அசையவில்லை. என் மை மட்டும் துணியோடு வந்துவிட்டது.

"வெளிய போடா!" என்று கத்தினார்.

"போறேன். துரை வந்து கேட்டா, வனைஞ்சவ தெரிஞ்சே விட்ட இடம்னு சொல்லுங்க. சொல்ல வாய் வரலேன்னா ஆளனுப்புங்க, நான் வந்து சொல்றேன்."